சந்தாவில் வளர்ந்த சோலைகள்

பனிக்காலம் தொடங்கியதும் நம் காலனிக் குடும்பங்கள் கூட்டமாகச் சென்று பார்த்து வரும் இடங்களுள் ஷிப்பூர்த் தாவரவியல் தோட்டம் தலையாயது. அங்குள்ள ஆலமரத்தைக் காணாத தமிழர் இந்நகரில் அரியர். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் காளிகட்டம், தட்சிணேசுவரம் ஆகிய இரண்டையும் காட்டிய பிறகு மூன்றாவதாக நாம் காட்டுவது அவ்வாலமரத்தையே. சற்று ஓய்வு கிடைத்தோர் அலிப்பூரில் உள்ள தோட்டக்கலைச் சங்கத்தின் பூங்காவையும் பார்த்திருப்பர். பனிக்காலத்தில் அங்கு நடைபெறும் மலர்க் கண்காட்சியில் டேலியாவையும் சாமந்தியையும் கண்டு வியந்து, வாயிலில் ஒரு தொட்டிச் செடியும் வாங்கி வந்திருப்பர்.

இவ்விரு தோட்டங்களும் யாருடையவை என்று நம்மவரைக் கேட்டால், முன்னது சர்க்காருடையது என்றும் பின்னது யாரோ செல்வந்தர் சிலருடையது என்றும் விடை வரும். இரண்டும் அரைகுறையான விடைகளே. இத்தோட்டங்களின் சரித்திரத்தைப் புரட்டினால், சம்பளத்தில் ஒரு சிறு பகுதியைச் சந்தாவாகக் கட்டியும், மாலை வேளைகளைக் கூட்டங்களில் செலவிட்டும், விதைப் பொட்டலங்களைப் பங்கிட்டும் அவற்றை வளர்த்த பலரைக் காண்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே பிழைப்புக்காக வேற்றூரிலிருந்து வந்தவர்கள். அந்த வரலாற்றைச் சங்க அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆவலால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். நகரின் பெயர் 2001ஆம் ஆண்டில் கொல்கத்தா என்று மாறிவிட்ட போதிலும், பழைய நாட்களைப் பற்றிய பேச்சாதலால் கல்கத்தா என்ற பெயரையே இங்கு ஆளுகிறோம்.

முதலில் ஷிப்பூர். வங்கத்தை 1770ஆம் ஆண்டில் வாட்டிய பெரும் பஞ்சத்தில் மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என்று கம்பெனியின் அதிகாரிகளே கணக்கிட்டனர். அந்த நினைவு மறையாத காலத்தில், 1786ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ராணுவ அதிகாரியாக இருந்த கர்னல் ராபர்ட் கிட் என்பவர் கவர்னர் ஜெனரலுக்கு ஒரு கடிதம் எழுதினார். மலேயாவிலிருந்து சவ்வரிசி மரத்தையும் பாரசீகத்திலிருந்து பேரீச்சையையும் கொணர்ந்து பயிரிட்டால் நெல் பொய்த்த காலத்தில் ஏழைகளுக்கு உணவாகும் என்பது அவர் கருத்து. கம்பெனியார் பஞ்சத்துக்கு இரங்கினார்களோ இல்லையோ, கப்பல் கட்டத் தேக்கும், வியாபாரத்துக்கு வாசனைப் பொருள்களும் விளையக்கூடும் என்ற எண்ணம் அவர்களைச் சம்மதிக்கச் செய்தது. 1787இல் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் தோட்டம் அமைந்தது. ஊரார் அதைக் கம்பெனி பாகான் என்றே அழைத்தனர். கிட் எதிர்பார்த்த தேக்கு அம்மண்ணில் செழிக்கவில்லை. தேக்குக்கு ஒதுக்கிய நிலத்தின் ஒரு பகுதி 1820இல் பிஷப் கலாசாலைக்கு அளிக்கப்பட்டது. பிற்காலத்தில் பொறியியற் கல்லூரி குடிபுகுந்தது அவ்விடத்திலேதான்.

கிட் 1793இல் காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற டாக்டர் வில்லியம் ராக்ஸ்பரோ சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர். கோதாவரிப் பகுதியில் சாமல்கோட்டையில் பல ஆண்டுகள் தோட்டம் வைத்து ஆராய்ந்தவர். தென்னாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்ற முறையில் அவரிடம் நமக்கு ஒரு தனிப் பற்று. இந்திய ஓவியர்களைக் கொண்டு அவர் தீட்டுவித்த செடிப் படங்கள் 2,500க்கு மேற்பட்டவை. 1813 வரை அவர் அங்கே பணியாற்றினார். அவர் காலத்துத் தோட்டத்தில் இருந்த சுமார் 3,500 இனங்களின் பட்டியல் 1814இல் அச்சாகி வெளிவந்தது. அதை அச்சிட்டு வெளியிட்டவர் தாவரவியல் உத்தியோகஸ்தர் அல்லர். செராம்பூரில் இருந்த ஒரு பாதிரியார். நம் கட்டுரையின் நாயகர் அவரே.

வில்லியம் கேரி இங்கிலாந்தில் 1761இல் பிறந்தார். இளமையில் செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். 1793இல் வங்கத்துக்கு வந்தவர், 1834இல் உயிர் நீக்கும் வரை ஒரு முறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. வங்க மொழிக்கு இலக்கணமும் அகராதியும் ஆக்கியவர் என்றும், கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் என்றும் அவரைப் பற்றிப் பள்ளிப் பாடங்களில் படித்திருப்போம். அவர் சமயப் பணியைப் பற்றி அவரவர்க்கு அவரவர் கருத்து இருக்கலாம். அது இங்கே நம் விஷயம் அன்று. செராம்பூரில் தம் இருப்பிடத்தருகே அவர் வளர்த்த ஐந்து ஏக்கர் தோட்டமே நமக்கு வேண்டியது. விடியற்காலையில் அங்கு உலவுவதும், செடிகளுக்கு இனப்பெயர் சொல்லி மாலிகளுக்குக் கற்பிப்பதும் அவருடைய பெருமகிழ்ச்சி. ராக்ஸ்பரோ நம் மேற்கு மலைக்காடுகளிலும் வளரும் ஒரு மரவினத்துக்குத் தம் நண்பர் பெயரைச் சேர்த்துக் கேரியா என்று பெயரிட்டார்.

கேரியைப் பற்றி ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. சீமையிலிருந்து அவருக்கு விதைகள் ஒரு பையில் வந்தன. விதைகளை எடுத்துக்கொண்ட பிறகு, பையில் ஒட்டியிருந்த மண்ணைத் தோட்டத்தில் நிழலான ஓரிடத்தில் உதறிவிட்டார். சில நாட்கள் கழித்து அவ்விடத்தில் ஒரு சின்னஞ்சிறு முளை தோன்றிற்று. அது அவர் பிறந்த நாட்டுப் புல்வெளிகளில் காணும் டெய்சி என்னும் எளிய பூச்செடி. அங்கே அதை யாரும் பொருட்படுத்தி விதை அனுப்புவதில்லை. அதைக் கண்டபோது அவர் அடைந்த ஆனந்தத்தை நண்பருக்குக் கடிதமாக எழுதினார். வங்கத்து வெயிலில் அது பல ஆண்டு வாழாது. ஆதலால் ஆண்டுதோறும் விதை எடுத்துப் புதிதாக விதைத்து அதைக் காப்பாற்றி வந்தார். நம் காலனியில் மண்ணெண்ணெய் டின்களிலும் உடைந்த வாளிகளிலும் கறிவேப்பிலையும் மல்லிகையும் வளர்க்கும் தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கறிவேப்பிலை வங்கத்து மண்ணில் தானாகவே தழைக்கிறது. அதைத் தாளிதத்தில் சேர்க்கும் வழக்கம்தான் இங்கே குறைவு. ஆயினும் ஊரிலிருந்து கொண்டுவந்த கன்றுக்குத்தான் மணம் அதிகம் என்று சாதிப்போர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட நாம் வரவில்லை.

இவ்வாறு தம் தோட்டத்தோடு மகிழ்ந்திருந்த கேரி, 1820ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓர் அறிக்கை எழுதி வெளியிட்டார். இந்நாட்டு விவசாயமும் தோட்டக்கலையும் சீர்பெற ஒரு சங்கம் வேண்டும் என்பது அதன் சாரம். செப்டம்பர் 14ஆம் நாள் கல்கத்தா டவுன் ஹாலில் முதற்கூட்டம். வந்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. சங்கம் நடத்திப் பழகிய நம் அன்பர்களுக்கு அக்காட்சி நன்றாகவே விளங்கும். நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஆட்கள் முன்வரிசைக்கும் போதார். ஆயினும் கேரி கூட்டத்தை ஒத்திவைக்கவில்லை. வந்தவர்களைக் கொண்டே சங்கத்தைத் தொடங்கிவிட்டார். இரண்டு மாதங்களுக்குள் அங்கத்தினர் தொகை ஐம்பதைத் தாண்டிற்று. அச்சங்கமே இன்று அலிப்பூரில் இருப்பது. 2020இல் இருநூறு ஆண்டு நிறைவெய்தியது.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இந்தியர்களையும் சமமான அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும் என்று கேரி தம் முதல் அறிக்கையிலேயே வற்புறுத்தினார். அதே கல்கத்தாவில், 1784 முதல் நடைபெற்ற புகழ்வாய்ந்த ஆசியக் கழகம் இந்தியர் ஒருவரையேனும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது 1829இல்தான். இந்நாட்டுச் சுவடிகளை ஆராயும் கழகத்தில் நாற்பத்தைந்து ஆண்டு இந்நாட்டார்க்கு இடமில்லை. இந்நாட்டு மண்ணை ஆராயும் சங்கத்திலோ தொடக்கத்திலிருந்தே இடம் இருந்தது. ராஜா ராதாகாந்த தேவ், துவாரகாநாத் தாகூர், ராம்கமல் சேன் போன்ற வங்கப் பெருமக்கள் அதில் சேர்ந்து உழைத்தனர்.

அச்சங்கம் செய்த வேலையின் தன்மையையும் கூற வேண்டும். அங்கத்தினர் கட்டும் சந்தாவிலிருந்து பல நாடுகளின் விதைகளை வரவழைத்துப் பங்கிட்டனர். முட்டைக்கோசு, காலிபிளவர், பட்டாணி முதலிய சீமைக் காய்கறிகள் வங்கத்துக் கொல்லைகளில் பரவியதில் அவ்விதைப் பொட்டலங்களுக்குப் பங்கு உண்டு. காய்கறிக் கண்காட்சிகள் நடத்தினர். பரிசு பெற்றவர்கள் தோட்ட உரிமையாளர் மட்டும் அல்லர். மண்ணில் நின்று பாடுபட்ட மாலிகளுக்கும் பணமும் பதக்கமும் அளிக்கப்பட்டன. பருத்தி, கரும்பு, பட்டு ஆகியவற்றைப் பற்றி அங்கத்தினர் எழுதிய அனுபவக் குறிப்புகளைத் தொகுத்து அச்சிட்டனர். இவற்றுள் பல கம்பெனி வியாபாரத்தின் லாபத்தைக் கருதியவை என்பதையும் மறைப்பதற்கில்லை. பருத்தி நன்றாக விளைந்தால் மான்செஸ்டர் ஆலைகளுக்கு நல்லது என்று எண்ணிய துரைமார் அச்சங்கத்தில் குறைவில்லை. ஆனால் விதை அதை விதைப்பவன் எண்ணத்தைப் பார்த்து முளைப்பதில்லையே.

கேரிக்கு 1823ஆம் ஆண்டில் பெருஞ்சோதனை வந்தது. தாமோதர் நதி பெருகி ஊர்களை அழித்த வெள்ளத்தில் செராம்பூர்த் தோட்டமும் மூழ்கியது. அருமையாகச் சேர்த்த செடிகள் அடித்துச் செல்லப்பட்டன. அப்போது அவர் காலில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். வயதும் அறுபதைக் கடந்துவிட்டது. எழுந்து நடக்க முடிந்ததும் மறுபடியும் விதை கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

அவர் மறைவுக்குப் பின், 1840களில், ஸ்ட்ராண்டு சாலையில் பொதுமக்கள் நன்கொடையால் எழுந்த மெட்காப் மண்டபத்தில் சங்கம் குடியேறிற்று. கீழ்த்தளம் தோட்டக்கலைச் சங்கத்துக்கு. மேல்தளம் கல்கத்தாப் பொது நூலகத்துக்கு. மேலே புத்தகம், கீழே விதை. அந்நூலகத்தில் பணிபுரிந்த பியாரி சந்த் மித்ரா, வங்க மொழியின் முதல் நாவல்களுள் ஒன்றை எழுதியவர், மாடிப்படி இறங்கி வந்து தோட்டக்கலைச் சங்கத்துக்கும் உழைத்தார். அதன் விஷயங்கள் வங்க மொழியிலும் வெளிவர வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். பின்னர் சங்கம் அலிப்பூரில் தனக்கெனத் தோட்டம் அமைத்துக்கொண்டது. மெட்காப் மண்டபத்தில் 1903இல் இம்பீரியல் நூலகம் திறக்கப்பெற்றது. நாடு விடுதலை பெற்ற பிறகு அது தேசிய நூலகமாகி அலிப்பூர் பெல்வெடர் மாளிகைக்கு வந்தது. இன்று சாலையின் ஒரு பக்கம் நூலகம், அருகே தோட்டம். பழைய அண்டை வீட்டார் மீண்டும் அண்டை வீட்டாராயினர்!

கல்கத்தாவில் நிலைத்த இம்முயற்சி எங்கும் நிலைத்ததா என்றால், இல்லை. பங்களூர் லால்பாக்கை எடுத்துக்கொள்வோம். ஹைதர் அலி தொடங்கித் திப்பு வளர்த்த அத்தோட்டம் 1836இல் அவ்வூர் விவசாயத் தோட்டக்கலைச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1842இல் சங்கம் கலைந்தது. தோட்டம் சர்க்காரிடம் திரும்பிற்று. ஆறே ஆண்டுகள்! ஒரு சங்கம் எப்படிக் கலைகிறது என்பதை நம்மைப் போன்ற கணக்கெழுதும் குமாஸ்தாக்கள் நன்கறிவோம். பகைவர் வந்து அழிப்பதில்லை. சந்தா நிலுவைப் பத்தி ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது, வருகைப் பதிவேடு சுருங்குகிறது. லால்பாக் 1856இல் சர்க்கார்த் தாவரவியல் தோட்டமாகிப் புகழ் பெற்றது நல்லூழே.

நம் நாட்டு உதகமண்டலத்தின் கதையோ வேறு. இன்று கோடைகாலத்தில் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும் அத்தோட்டம், 1840களில் ஒரு காய்கறித் தோட்டமாகப் பிறந்தது என்று சொன்னால் பலர் நம்பார். அங்கே குடியிருந்த ஐரோப்பியர் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா கட்டினர். மலிவாகக் காய்கறி கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். அக்கத்தரிக்காய்க் கூட்டுறவிலிருந்துதான், கவர்னர் ட்வீடேல் பிரபுவின் ஊக்கத்தாலும், 1848இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த மக்ஐவரின் உழைப்பாலும் மலைச்சரிவில் அவ்வழகிய தோட்டம் உருவாயிற்று. உண்மையில் அவர்கள் விளைவித்தது கத்தரிக்காய் அன்று, சீமைக் காய்கறிகள். பேச்சு வழக்கில் சொன்னோம். சென்னையிலும் 1835இல் ஒரு தோட்டக்கலைச் சங்கம் ஏற்பட்டது. அதற்கு ஊக்கமளித்த டாக்டர் ராபர்ட் வைட், தென்னாட்டுச் செடிகளைப் பற்றிய பெருநூல்களைப் படங்களுடன் வெளியிட்டவர். படம் வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகிய இருவரும் இந்தியர். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துயியா என்று பெயர் சூட்டினார் வைட். செடிக்குத் தொண்டு செய்த ஓவியர் ஒருவர் பெயர் லத்தீன் உருப்பெற்ற அருமையான நிகழ்ச்சி அது.

மீண்டும் ஷிப்பூருக்கு வருவோம். 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பெரும்புயல் ஒன்று ஆற்றுநீரைக் கரையேற்றித் தோட்டத்துக்குள் பாய்ச்சியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் வீழ்ந்தன. மூன்றாண்டு கழித்து 1867இல் மற்றொரு புயல் எஞ்சியவற்றுள் பலவற்றைச் சாய்த்தது. நிழல் அழிந்து, களை படர்ந்து கிடந்த நிலத்தை 1871இல் ஏற்றுக்கொண்ட ஜார்ஜ் கிங், ஏரிகள் வெட்டி, அம்மண்ணால் பள்ளங்களை மேடாக்கிச் சாலைகள் அமைத்து மறுபடியும் நட்டார். இன்று நாம் காணும் தோட்டத்தின் அமைப்பு பெரிதும் அவருடையது.

ஆலமரமும் அப்புயல்களில் அடிபட்டது. முறிந்த கிளைகளின் வழியாகக் காளான் நோய் புகுந்து நடுமரத்தை அரித்தது. நோய் மற்றப் பகுதிகளுக்குப் பரவாதிருக்க 1925இல் நடுமரத்தையே வெட்டி எடுத்துவிட்டனர். ஆகவே நாம் விருந்தினர்க்குக் காட்டும் அப்பேராலுக்கு இப்போது நடுமரம் கிடையாது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகள் அதைத் தாங்கி நிற்கின்றன. அதைச் சுற்றி 330 மீட்டர் நீளத்துக்கு ஒரு சாலை போட்டார்கள். மரமோ சாலையைத் தாண்டியும் விழுது இறக்கிச் செல்கிறது.

இந்தியர் ஒருவர், காளிபத விசுவாஸ், 1937இல் தோட்டத்தின் தலைமையை ஏற்றார். விடுதலைக்குப் பின் 1951இல், பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்க வந்தவர் இ. கே. ஜானகி அம்மாள். தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் கல்வி பயின்று, கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் புகழ் பெற்றவர். நம் பெண்மணிகள் அவர் பெயரை நினைவிற் கொள்ள வேண்டும். ஷிப்பூர்த் தோட்டம் 1963இல் அத்துறையின் பொறுப்பில் வந்தது. 2009இல் ஆசாரிய ஜகதீச சந்திர போஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாளை நம்மில் எவரும் மறந்திரார். ஊரடங்கினால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த வேளையில் அம்பன் புயல் இரவெல்லாம் சீறிற்று. கூரைத் தகடுகள் பறந்தன, பல நாள் மின்சாரம் இல்லை, தெருவெல்லாம் மரங்கள். ஷிப்பூரில் நூற்றுக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஆலமரத்தின் விழுதுகளிற் சிலவும் அழிந்தன. நகரின் பல பகுதிகளில் பெயர் தெரியாத இளைஞர்கள் கயிறும் மண்வெட்டியுமாக வந்து, சாய்ந்த மரங்களுள் பிழைக்கக்கூடியவற்றைக் கிளை கழித்து நிமிர்த்தி மீண்டும் நட்டனர். அவர்களுக்குக் கூலி கொடுத்தவர் எவரும் இல்லை. இன்று ஷிப்பூருக்கு ஆற்றரிப்பினாலும் கவலை உண்டு. கரை இடிந்து மரங்கள் நீரில் சாய்வதை அதிகாரிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் எடுத்துரைப்பவர்களுள் முன் நிற்போர், அங்கே நாள்தோறும் காலையில் நடக்க வரும் சாதாரண மக்கள். அவர்கள் தமக்குள் ஒரு சங்கமே கூட்டியிருக்கிறார்கள். தோட்டம் சர்க்காருடையதுதான், அதைத் தினமும் பார்க்கும் கண் அவர்களுடையது. மாதம் ஒருமுறை வரும் ஆய்வு அதிகாரிக்குத் தெரியாத வெடிப்பு, தினம் நடப்பவன் காலுக்குத் தெரியும். தண்டவாளத்தைச் சாவிக்காரர் கால்நடையாகவே பார்த்துச் செல்லும் முறையை அறிந்த நாம் இதில் ஐயுறவே மாட்டோம்.

நம் காலனியில் இவ்விஷயத்தைப் பேசும்போதெல்லாம் ஒரு விடை கேட்கிறோம்: “நமக்கு என்ன ஸார் இந்த ஊர்? இன்று மாற்றல் உத்தரவு வந்தால் நாளை கரக்பூர், அல்லது விசாகப்பட்டினம். ஓய்வு பெற்றால் கும்பகோணம். நாம் நட்டுவைத்து யார் அனுபவிக்க?” இதைச் சொல்பவர்கள் சுயநலக்காரர்கள் அல்லர். ஊரில் கோயில் திருப்பணிக்கு மணியார்டர் அனுப்புபவர்கள், இங்கே ராமநவமிக்கு முன்நின்று உழைப்பவர்கள். ஆயினும் அவ்விடை பொருந்தாது என்றே கருதுகிறோம். கேரியின் சங்கத்தில் சந்தா கட்டிய துரைமார் பெரும்பாலோர் கம்பெனி உத்தியோகஸ்தர். அவர்களுக்கும் மாற்றல் இருந்தது. பென்ஷன் வாங்கிக் கப்பலேறும் நாளை அவர்களும் எண்ணிக்கொண்டுதான் இருந்தனர். வந்த நாட்டில் வேறு எதை விட்டுச் சென்றார்களோ, எதை எடுத்துச் சென்றார்களோ, அது பெரிய வழக்கு. அலிப்பூர்த் தோட்டம் மட்டும் இங்கேயே இருக்கிறது.

அங்கே அங்கத்தினராகச் சேர்வதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பதும் தவறான எண்ணம். செடி வளர்ப்பதில் ஆர்வமுள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். பதியன் போடுவதும், ஒட்டுக் கட்டுவதும், மாடித் தொட்டியில் எருக் கலவை செய்வதும் கற்றறிந்தோரிடமிருந்து நேரில் தெரிந்துகொள்ளலாம். நம் தாய்மார்கள் சென்றால் கற்பது மட்டும் அன்றிக் கற்பிக்கவும் செய்வர் என்பது நம் துணிபு. கனகாம்பரத்தையும் மருவையும் மருக்கொழுந்தையும் தொட்டியில் தழைக்கச் செய்யும் பக்குவம் இங்கே பலர்க்குத் தெரியாது.

ஷிப்பூரைப் பொறுத்தவரை நம் சங்கத்துக்கென்றே ஒரு வேலை இருப்பதாகத் தோன்றுகிறது. நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று செடி கொடிகளின் பெயரால் வகுத்தவர்கள். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன என்பதைச் சங்கத்துச் சொற்பொழிவுகளில் பன்முறை கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். கைதட்டியவர்களுள் எத்தனை பேருக்கு ஒரு பத்துப் பூவையாவது மரத்தில் வைத்து அடையாளம் காட்டத் தெரியும்? இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கோ அவை வெறும் சொற்கள். ஆனால் வங்கத்தார் கதம் என்று கூறுவது நம் கடம்பு. பகுல் என்பது மகிழம். அர்ஜுன் என்பது மருத மரம். பள்ளித் தோழர்களிடம் வங்கப் பெயரைக் கற்ற குழந்தை, பாட்டியிடம் தமிழ்ப் பெயரையும் கேட்டறிந்தால், மரம் ஒன்றே என்று கண்டு மகிழும். மாதத்தில் ஒரு ஞாயிறு, விவரம் அறிந்த பெரியவர் இருவர் துணையுடன் நம் பாலர் வகுப்பைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, இருமொழிப் பெயர்களை நோட்டில் எழுதச் செய்வது கடினமான காரியம் அன்று. சென்றவிடத்தில் பிறர் எறிந்த பிளாஸ்டிக் உறைகளைப் பொறுக்கிவரக் கோணிப்பை ஒன்றும் எடுத்துச் செல்லலாம். விழுதுகளில் பேனாக்கத்தியால் பெயர் செதுக்கும் வாலிபர்களைக் கண்டால் அன்பாகத் தடுக்கலாம். அவ்வாறு செதுக்கப்பட்டவற்றுள் தமிழ் எழுத்தும் கலந்திருப்பது வருந்தத்தக்கது. செயற்குழு இதை வரும் பொதுக்கூட்டத்தில் ஆலோசிக்கும் என நம்புகிறோம்.

தோட்டத்துக்குச் செல்வோர் ஆலமரத்தோடு நின்றுவிடாமல் பனை இனங்கள் வளரும் பகுதியையும் விசாரித்துச் செல்ல வேண்டும். இந்துமாக்கடலில் உள்ள சேஷெல்ஸ் தீவுகளுக்கே உரிய இரட்டைத் தேங்காய் மரம் ஒன்றின் வரலாறு அங்கே உண்டு. உலகிலுள்ள விதைகளுள் மிகப் பெரியது அதன் விதையே. 1894இல், ஜார்ஜ் கிங்கின் காலத்தில், ஒரு விதை ஷிப்பூரில் நடப்பட்டது. அவ்வினத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும் வரையில் இன்னதென்று தெரியாது. நட்டவர் போயினர், அவர்க்குப் பின் வந்தவர்களும் போயினர், இரண்டு உலக யுத்தங்கள் வந்து சென்றன, ஆட்சி மாறிற்று. ஏறத்தாழ 94 ஆண்டு சென்ற பிறகே மரம் பூத்தது. பெண் மரம் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்நாட்டில் அதற்கு இணையான ஆண் மரம் இல்லாமையால், கடல் கடந்த நாடுகளிலிருந்து மகரந்தம் வரவழைத்துக் கையால் தூவிப் பார்த்தனர். பல ஆண்டு முயன்ற பின்னரே காய் பிடித்தது.